டஸ்கனியில் வசந்தகாலக் கார் பயணம்: இருவராகப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இத்தாலியின் டஸ்கனி கிராமப்புறத்தைச் சொந்தமாகக் கார் ஓட்டிப் பார்க்க விரும்பும் தம்பதிகளிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. ஃபிளாரன்ஸிலிருந்து தெற்கே கியான்டி, சியெனா, வால் தோர்ச்சா வரையிலான பகுதிக்கு, எட்டு அல்லது ஒன்பது நாள் பயணத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. கேட்டவர்களின் சொற்களையே கேள்விகளில் வைத்திருக்கிறோம்.

எந்த மாசம் போனா அந்தப் பச்சை மேடுகளைப் பார்க்கலாம்?

ஏப்ரல் நடுவிலிருந்து மே இறுதி வரை. படங்களில் பட்டுத்துணி மடிப்புபோலத் தெரியும் அந்தப் பச்சை புல்வெளி அல்ல, கோதுமை. இலையுதிர்காலத்தில் விதைத்தது ஏப்ரலில் முழங்கால் உயரம் வந்திருக்கும். மே மாதத்தில் கதிர் பிடிக்கும், ஜூனில் பொன்னிறமாகும், அதன் பிறகு அறுவடை. ஜூலையில் போகிறவர்கள் பார்ப்பது காய்ந்த தாள்களையும் உழுத மண்ணையும்தான். அதற்கும் ஓர் அழகு உண்டு, ஆனால் நீங்கள் படத்தில் பார்த்தது அதுவல்ல.

சிவப்புப் பாப்பி மலர்கள்தான் வேண்டுமென்றால் மே இரண்டாம் பாதியை எடுங்கள். பழைய வீட்டுச் சுவர்களில் ஊதாக் கொத்துகளாகத் தொங்கும் விஸ்டீரியா ஏப்ரலிலேயே பூத்து முடிந்துவிடும். இரண்டையும் ஒரே பயணத்தில் பிடிப்பது கடினம். எங்களைக் கேட்டால் மே மாதத்தின் முதல் மூன்று வாரங்கள். பச்சை மங்கியிருக்காது, மழை குறையத் தொடங்கியிருக்கும், மாலை எட்டு மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும்.

குளிருமா? மழை பெய்யுமா?

இரண்டும் உண்டு. ஏப்ரலில் பகல் 18 டிகிரி வாக்கில் இருந்தாலும் அதிகாலை 7, 8 டிகிரிக்கு இறங்கும். மே மாதத்தில் பகல் 22, 23 வரை போகும். மெல்லிய உடைகளை அடுக்கடுக்காகப் போடுவதே நல்லது. மேலே காற்றும் மழையும் தாங்கும் ஒரு ஜாக்கெட், கல் பாவிய ஏற்றத் தெருக்களில் வழுக்காத காலணி. குடையைவிடத் தொப்பியுள்ள மழைச்சட்டை உதவும், மேட்டு ஊர்களில் காற்று பலமாக அடிக்கும்.

மழையை நினைத்துத் தேதியை மாற்ற வேண்டாம். மழை பெய்த மறுநாள் அதிகாலையில்தான் பள்ளத்தாக்கில் பனிமூட்டம் படுத்திருக்கும்.

எந்தத் தேதிகளைத் தவிர்க்கணும்?

ஈஸ்டர் ஞாயிறும் அதற்கடுத்த திங்களும் ஊரே வெளியே கிளம்பும் நாட்கள். 2027இல் ஈஸ்டர் மார்ச் 28, 2028இல் ஏப்ரல் 16. இவை தவிர ஏப்ரல் 25 விடுதலை நாள், மே 1 தொழிலாளர் நாள், ஜூன் 2 குடியரசு நாள். இவற்றில் ஒன்று வியாழனிலோ செவ்வாயிலோ வந்தால் இடையில் வரும் வேலைநாளுக்கும் விடுப்பு எடுத்து நான்கு நாள் விடுமுறை ஆக்கிவிடுவார்கள். ‘பாலம்’ என்பதற்கான இத்தாலியச் சொல்லான ‘போன்தே’தான் அதற்கும் பெயர். அந்த நாட்களில் பண்ணை வீடுகளில் அறை கிடைக்காது, மேட்டு ஊர்களின் கார் நிறுத்துமிடங்கள் காலை பத்துக்கே நிரம்பும். வேறு வழியில்லையென்றால் அன்று கார் எடுக்காமல், தங்கும் இடத்தைச் சுற்றி நடந்துவிட்டு வாருங்கள்.

விசாவுக்கு எப்போ விண்ணப்பிக்கணும்?

விசா தேவைப்படும் பாஸ்போர்ட் என்றால், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகியகால விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள். வசந்தகாலத்துக்கு நேர்முக நேரம் கிடைப்பதே பெரும்பாடு என்பதால் மூன்று, நான்கு மாதம் முன்பே தொடங்குங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. பயணக் காப்பீட்டில் மருத்துவச் செலவுக்குக் குறைந்தது 30,000 யூரோ இருக்க வேண்டும். அறை, கார் இரண்டையும் இலவசமாக ரத்து செய்யக்கூடிய விதத்தில் பதிவு செய்துவிட்டு, விசா வந்தபின் உறுதி செய்யுங்கள்.

எங்க ஊர் லைசென்ஸ் அங்கே செல்லுமா?

ஐரோப்பிய ஒன்றிய நாட்டு உரிமமும் இங்கிலாந்து உரிமமும் அப்படியே செல்லும். மற்றவர்கள் சொந்த நாட்டு அசல் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வைத்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் செல்லாது. அனுமதி என்பது உரிமத்தின் மொழிபெயர்ப்பு மட்டுமே.

அதை உங்கள் நாட்டின் அதிகாரபூர்வ அலுவலகத்திலோ, அரசு அங்கீகரித்த வாகனச் சங்கத்திலோ, கிளம்பும் முன்பே வாங்க வேண்டும். இணையத்தில் ‘பத்து ஆண்டு செல்லும் சர்வதேச லைசென்ஸ்’ என்று விற்பவற்றுக்குச் சட்ட மதிப்பு இல்லை. கார் நிறுவன மேசையில் அனுமதியைக் கேட்காமலே சாவியைக் கொடுத்துவிடலாம். ஆனால் விபத்து நேர்ந்தபின் காப்பீட்டு நிறுவனம் கேட்கும், அப்போது இல்லையென்றால் முழுச் செலவும் உங்கள் தலையில். ஓட்டப்போவது இருவர் என்றால் இருவருக்கும் தனித்தனியாக வேண்டும்.

ரெண்டு பேரும் ஓட்டணுமா, ஒருத்தர் போதுமா?

ஒருவர் போதும். ஆனாலும் இரண்டாம் ஓட்டுநரின் பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்கிறோம். நாளுக்குச் சில யூரோ கூடும். காய்ச்சலோ கால் சுளுக்கோ வந்தால் பண்ணை வீட்டிலிருந்து வெளியேற வேறு வழி இருக்காது. பெயர் இல்லாதவர் ‘பத்து நிமிஷம்தானே’ என்று ஓட்டினால் அந்தப் பத்து நிமிடத்துக்குக் காப்பீடு கிடையாது.

ஓட்டாதவருக்கு வேலையே இல்லை என்று எண்ண வேண்டாம். அடுத்த திருப்பம், அடுத்த பெட்ரோல் நிலையம், நிறுத்துமிடத்தின் பெயர், ஊர் வாசலில் தொங்கும் பலகை எல்லாவற்றையும் படிப்பவர் அவர்தான். ‘இந்தப் பக்கம்’ என்று கையைக் காட்டாமல் ‘ரவுண்டானாவில் மூன்றாவது வெளிவழி, பியென்சா பலகை’ என்று சொல்லிப் பழகுங்கள். பாதி வாக்குவாதம் அங்கேயே அடங்கிவிடும். திருப்பத்தைத் தவறவிட்டால் பின்னோக்கி வராதீர்கள், அடுத்த ரவுண்டானாவில் சுற்றித் திரும்பலாம்.

எங்கே இறங்கி, எங்கே கார் எடுக்கறது?

தொலைதூர விமானங்கள் பெரும்பாலும் ரோம் ஃபியூமிசீனோவுக்கு வரும். இறங்கிய அன்றே கார் எடுக்காதீர்கள். இரவெல்லாம் விழித்த கண்ணும், குடியேற்ற வரிசையில் விரல்ரேகையும் முகப்படமும் கொடுத்து நின்ற களைப்பும் சேர்ந்து, பழகாத பக்கத்தில் ஓட்டுவது ஆபத்து. ரோமிலிருந்து விரைவு ரயிலில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் ஃபிளாரன்ஸ். அங்கே இரண்டு இரவு காரில்லாமல் நடந்து பாருங்கள்.

மூன்றாம் நாள் காலை ஃபிளாரன்ஸ் விமான நிலையத்தில் கார் எடுங்கள். ரயில் நிலையம் அருகிலிருந்து டி2 டிராம் அங்கே போகிறது. நகர மையத்துக் கிளையில் எடுத்தால், அனுமதியில்லாத வண்டிகள் நுழையக் கூடாத கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் கிளம்பிய ஐந்தாம் நிமிடமே சிக்க வாய்ப்புண்டு. திருப்பிக் கொடுப்பதையும் அங்கேயே வைத்தால் ஒருவழிக் கட்டணம் மிச்சம். சிற்றூர்க் கிளைகள் மதியம் மூடும், ஞாயிறு திறக்காமலும் போகலாம்.

எந்த மாதிரி கார்?

சிறியது. இரண்டு நடுத்தரப் பெட்டிகள் டிக்கிக்குள் மறைந்தால் போதும். வெளியே தெரியும் பெட்டி திருடனுக்கு அழைப்பு. பெரிய எஸ்யூவி எடுத்தவர்கள் வருந்துவது மலைச்சாலையில் அல்ல, ஊர் வாசலிலும் நிறுத்துமிடத்திலும்தான்.

இத்தாலியில் வாடகைக் கார் பெரும்பாலும் கையால் கியர் மாற்றுவது. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் பதிவிலேயே கேட்டு, இரண்டு மூன்று மாதம் முன்பே பிடித்துவிடுங்கள். விலை கூடும், ஆனால் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு அந்தப் பணம் வீணல்ல. புதுப் பக்கம், புதுச் சாலை, வலக்கையில் கியர் மூன்றும் ஒரே நாளில் சேராமல் இருக்கும்.

வலப்பக்கம் ஓட்டப் பயமா இருக்கு. எங்கே தப்பு நடக்கும்?

வண்டிகள் நிறைந்த சாலையில் தவறு நடப்பது அரிது, முன்னால் போகிறவரைப் பார்த்துப் போய்விடுவீர்கள். தவறு வருவது ஆளில்லாத இடத்தில்: காலையில் பண்ணை வீட்டிலிருந்து வெளியேறும்போது, பெட்ரோல் போட்டுவிட்டுக் கிளம்பும்போது, படம் எடுக்க நிறுத்திவிட்டு மீண்டும் ஏறும்போது. கார் நகரும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருப்பவர் ‘வலப்பக்கம்’ என்று வாய்விட்டுச் சொல்லட்டும்.

அடுத்தது, காரின் வலப்புறம் உரசுவது. ஸ்டியரிங் இடப்பக்கம் வந்துவிடுவதால் காரின் அகலம் உங்கள் வலக்கைப் பக்கம் நீள்கிறது. பழக்கத்தில் நீங்கள் வலது ஓரத்தை ஒட்டியே போவீர்கள். கல்சுவரில் கண்ணாடியும், நடைபாதை விளிம்பில் டயரும் அடிபடும். நடுக்கோடு உங்கள் இடத் தோளுக்குப் பக்கத்தில் ஓடும்படி பார்த்துக்கொண்டால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள்.

ரவுண்டானாவில் கடிகார எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். வாசலில் முக்கோணப் பலகை இருந்தால் உள்ளே சுற்றுபவருக்கே முன்னுரிமை, நீங்கள் பார்க்க வேண்டியது இடப்பக்கம். பலகையே இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். முதல் நாள் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டத் திட்டமிட வேண்டாம்.

காப்பீடு மேசையில சொல்றது ஒண்ணும் புரியல. என்ன எடுக்கணும்?

அடிப்படைக் காப்பீடு வாடகையிலேயே இருக்கும். ஆனால் சேதம் நேர்ந்தால் ஒரு தொகை வரை நீங்கள் கொடுக்க வேண்டும், அது ஆயிரம் யூரோவையும் தாண்டலாம். அந்தத் தொகையை உங்கள் கடன் அட்டையில் முன்கூட்டியே நிறுத்தி வைப்பார்கள். அட்டை முதன்மை ஓட்டுநரின் பெயரில் இருக்க வேண்டும், வரம்பும் போதுமானதாக இருக்க வேண்டும். கணவர் ஓட்டுநர், அட்டை மனைவி பெயரில் என்று போய் நின்று கார் கிடைக்காமல் திரும்புவது உண்டு.

உங்கள் பங்கைச் சுழியமாக்கும் கூடுதல் காப்பீட்டை மேசையில் வாங்கலாம், வெளி நிறுவனத்திடம் குறைந்த விலைக்கும் வாங்கலாம். வெளியே வாங்கினால் சேதத் தொகையை முதலில் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு ரசீது காட்டி வாங்க வேண்டும், அட்டையில் நிறுத்தும் தொகையும் குறையாது. எதை எடுத்தாலும் ஒன்றைப் படியுங்கள்: டயர், கண்ணாடி, காரின் அடிப்பகுதி அதில் சேருமா? பல ஒப்பந்தங்களில் சேராது. கிராமச் சாலையில் அடிபடுவது அந்த மூன்றும்தான்.

கார் கைக்கு வந்ததும் என்ன பார்க்கணும்?

நான்கு பக்கமும், நான்கு சக்கர விளிம்பும், முன்கண்ணாடியும், கூரையும் வீடியோ எடுங்கள். எரிபொருள் முள்ளும் ஓடிய கிலோமீட்டரும் தெரிய ஒரு படம். பழைய கீறல் ஒவ்வொன்றும் அவர்கள் தாளில் குறிக்கப்படும்வரை நகராதீர்கள். முக்கோண எச்சரிக்கைப் பலகையும் ஒளிரும் மேலங்கியும் இருக்கிறதா என்று பாருங்கள், பழுதாகி இருட்டில் சாலையில் இறங்கினால் மேலங்கி கட்டாயம். மாற்றுச் சக்கரம் இருக்கிறதா, ஓட்டை அடைக்கும் பசை டப்பா மட்டுமா என்பதையும் இப்போதே கேளுங்கள். முகப்பு விளக்கை எரியவிட்டுக் கிளம்புங்கள், ஊருக்கு வெளியே பகலிலும் அது சட்டம்.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் போடலாம்?

தங்கும் இடம் மாறாத நாளில் 80, மாறும் நாளில் 130. இதற்கு மேல் போட்டால் காருக்குள் உட்கார்ந்தே நாள் போய்விடும். சாலைகள் வளைந்து வளைந்து ஏறுவதால் சராசரி வேகம் 40, 45ஐத் தாண்டாது. ஃபிளாரன்ஸிலிருந்து கிரேவே, பன்ஸானோ, காஸ்தெல்லீனா வழியாக சியெனாவுக்குப் போகும் கியான்டிஜானா சாலை, எஸ்ஆர்222, சுமார் 70 கிலோமீட்டர்தான். நிற்காமல் ஓட்டினாலே இரண்டு மணி நேரம். நீங்கள் நிற்பீர்கள், ஆக அது ஒரு முழு நாள்.

எட்டு நாளை எப்படிப் பிரிக்கறது?

காரில்லாமல் ஃபிளாரன்ஸில் இரண்டு இரவு. பிறகு கியான்டியில் இரண்டு, வால் தோர்ச்சாவில் நான்கு. தினமும் ஓர் ஊர் என்று படுக்கை மாற்ற வேண்டாம். பெட்டி கட்டுவதும் அவிழ்ப்பதும் சாவி வாங்குவதும் சேர்ந்து ஒவ்வொரு முறையும் அரை நாளைத் தின்னும்.

வால் தோர்ச்சாவில் சான் குயிரிகோ தோர்ச்சா, பியென்சா ஆகியவற்றின் நடுவே தங்கினால் எல்லாம் கைக்கெட்டும் தூரம். சான் குயிரிகோவிலிருந்து பியென்சா 10 கிலோமீட்டர், மோன்தால்சீனோ 15. பியென்சாவிலிருந்து மோன்தெபுல்சானோ சுமார் 14. 2004இல் உலகப் பாரம்பரியக் களமாக யுனெஸ்கோ அறிவித்த நிலப்பரப்பு இதுதான். காலையில் ஒரு மேட்டு ஊர், மதியம் தங்குமிடத்தில் ஓய்வு, மாலை ஐந்துக்கு மேல் ஒரு சாலை. வெயில் சாயும் நேரத்தில்தான் மேடுகளின் மடிப்பு தெரியும், உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாக இருக்கும்.

கியான்டியிலிருந்து வால் தோர்ச்சாவுக்கு மாறும் நாளில் நேர்வழியை விட்டுவிட்டு, சியெனாவிலிருந்து ஆஷானோ போகும் லவுரெத்தானா சாலையை, எஸ்பி438ஐப் பிடியுங்கள். க்ரெதே செனேசி என்னும் களிமண் மேடுகள் வழியே போகும். இந்தப் பயணத்தில் ஒரே ஒரு சாலைதான் ஓட்ட முடியும் என்றால் நாங்கள் இதைத்தான் சொல்வோம்.

ஹோட்டலா, பண்ணை வீடா?

பண்ணை வீடு. ‘அக்ரிதூரிஸ்மோ’ என்பார்கள். விவசாயம் செய்யும் குடும்பமே நடத்துவது. மூன்று கேள்விகளை எழுதிக் கேளுங்கள்: இரவு உணவு எந்தெந்த நாள் உண்டு, குறைந்தது எத்தனை இரவு தங்க வேண்டும், கடைசியில் எத்தனை கிலோமீட்டர் மண்சாலை. இணைய வரைபடம் பின்வாசல் வழியாகக் கொண்டுபோய் விடும் என்பதால் அவர்கள் தரும் வழிக்குறிப்பையே நம்புங்கள். இருட்டில் போய்ச் சேர வேண்டாம். ஆளுக்கு ஓர் இரவுக்கென்று ஊராட்சி வரி தனியாக, பெரும்பாலும் ரொக்கமாக வாங்குவார்கள்.

அந்த இசட்-டி-எல் பத்தி எல்லாரும் பயமுறுத்தறாங்களே, அது என்ன?

பழைய நகர மையத்துக்குள் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே நுழையலாம் என்னும் பகுதி. ஃபிளாரன்ஸ், சியெனா, பீசா, லூக்கா போன்ற நகரங்களில் மட்டுமல்ல, சிறிய மேட்டு ஊர்களிலும் உண்டு. வெள்ளை வட்டத்துக்குச் சிவப்பு விளிம்பு, மேலே அந்த மூன்று எழுத்து. தடுப்புக் கம்பி இருக்காது, காவலர் இருக்கமாட்டார். ஒரு கேமரா எண்ணைப் படம் பிடிக்கும், அவ்வளவுதான். மின்பலகையில் ‘வார்க்கோ அத்தீவோ’ என்றிருந்தால் தடை நடப்பில் இருக்கிறது, நுழையக் கூடாது. ‘நோன் அத்தீவோ’ என்றிருந்தால் போகலாம். ‘செயல்படும் வாசல், அதாவது திறந்திருக்கிறது’ என்று முதல் பலகையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு உள்ளே போனவர்கள் ஏராளம்.

தப்பிக்க எளிய வழி, மதிலுக்குள் காரைக் கொண்டுபோகவே கூடாது என்று முடிவெடுப்பது. வரைபடத்தில் ஊரின் பெயரைத் தட்டாமல் நிறுத்துமிடத்தின் பெயரைத் தட்டுங்கள். சியெனாவுக்கு ‘சாந்தா கத்தரீனா’ நிறுத்துமிடம், அங்கிருந்து எஸ்கலேட்டரில் ஏறி நகருக்குள் போகலாம். ஃபிளாரன்ஸுக்குள் காரோடு திரும்ப வேண்டிவந்தால் ஏ1 நெடுஞ்சாலையை ஒட்டிய ‘வில்லா கொஸ்தான்சா’. காரை அங்கேயே விட்டு டி1 டிராமில் மையத்துக்குப் போய்விடலாம்.

நாங்க புக் பண்ணின ஹோட்டலே அந்தப் பகுதிக்குள்ள இருக்கு. என்ன செய்ய?

வருவதற்கு முன் ஹோட்டலுக்கு எழுதி, வண்டி எண்ணைப் பதிவு செய்ய முடியுமா, எந்த வாசல் வழியாக, எந்த நேரத்துக்குள் என்று கேளுங்கள். எண் உங்களுக்குக் கார் கைக்கு வந்தபின்தான் தெரியும், உடனே அனுப்பிப் பதிவானதை எழுத்தில் பெறுங்கள். அனுமதி பெரும்பாலும் பெட்டி இறக்கிவிட்டு வெளியேற மட்டுமே. இத்தனை பாடு வேண்டாமென்றால் மதிலுக்கு வெளியே தங்குங்கள்.

ஊர் திரும்பி ஆறு மாசம் கழிச்சு அபராதம் வந்திருக்கு. கட்டணுமா?

முதலில் எது வந்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டு தனித்தனிச் செலவு. கார் நிறுவனம் உங்கள் விவரத்தைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்கான கட்டணத்தை அட்டையில் எடுக்கும், அது அபராதம் அல்ல. அபராதச் சீட்டு நகராட்சியிடமிருந்து தனியாகப் பதிவுத் தபாலில் வரும். ஓட்டியவர் யாரென்று அவர்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து 360 நாள் வரை வெளிநாட்டினருக்கு அனுப்பலாம். அதனால் தாமதமாக வந்தது என்பதற்காகப் போலி என்று தள்ளிவிட முடியாது.

வண்டி எண், தேதி, நேரம், தெரு நான்கும் உங்கள் ஒப்பந்தத்தோடு பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். பொருந்தினால், சீட்டு கைக்கு வந்த ஐந்து நாளுக்குள் கட்டினால் 30 விழுக்காடு குறையும், அதன் பின் 60 நாள் வரை முழுத்தொகை, தாண்டினால் ஏறும். ஒரே மாலையில் மூன்று கேமராவைக் கடந்திருந்தால் மூன்று சீட்டு வரும். வாடகை ஒப்பந்தத்தை ஓராண்டாவது தூக்கிப் போடாமல் வையுங்கள்.

பார்க்கிங் கோட்டுக்கு நிறம் நிறமா இருக்கே?

வெள்ளை இலவசம், நீலம் கட்டணம், மஞ்சள் ஊர்க்காரர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒதுக்கியது. வெள்ளைக் கோட்டிலும் பலகையைப் படியுங்கள். கடிகாரப் படம் இருந்தால் வந்த நேரத்தைக் காட்டும் அட்டை வைக்க வேண்டும். அது காரின் முன்பெட்டியில் இருக்கும், இல்லையென்றால் தாளில் எழுதி முன்கண்ணாடிக்குப் பின்னால் வையுங்கள். வாரத்தில் ஒரு நாள் சந்தைக்காக அதே இடம் காலியாக இருக்க வேண்டும் என்ற பலகையும் இருக்கலாம், மறந்தால் காரை இழுத்துப் போய்விடுவார்கள்.

டோல்ல தப்பான வரிசையில நுழைஞ்சுட்டா?

பச்சைப் பலகை கட்டண நெடுஞ்சாலை, நீலப் பலகை மற்ற பெரிய சாலைகள். ஃபிளாரன்ஸ் – சியெனா விரைவுச்சாலைக்குக் கட்டணம் இல்லை, ரோம் பக்கம் போகும் ஏ1க்கு உண்டு. நுழையும்போது சீட்டு எடுத்து, வெளியேறும்போது கட்ட வேண்டும். மஞ்சள் வரிசை, கட்டணத்தைத் தானாக எடுக்கும் கருவி பொருத்திய கார்களுக்கு மட்டும். நீலம் அட்டைக்கு, ரொக்கம் என்றால் நாணயமும் நோட்டும் வரைந்த வெள்ளைப் பலகை.

தவறிப் போய் மஞ்சளில் நுழைந்தால் ஒருபோதும் பின்னால் எடுக்காதீர்கள். உதவிப் பொத்தானை அழுத்திக் காத்திருங்கள். கட்டாமலே வெளியேற நேர்ந்தால் அச்சிட்ட சீட்டு ஒன்று வரும், 15 நாளுக்குள் இணையத்தில் கட்டிவிடலாம்.

பெட்ரோலா டீசலா, குழம்பிப் போச்சு.

குழப்பமே பெயரில் இருக்கிறது. ‘காஸோலியோ’ என்று காதில் ‘கேஸலின்’, அதாவது பெட்ரோல்போல விழுவது டீசல். பெட்ரோலுக்கு ‘பென்ஸீனா’. பம்பிலும் காரின் மூடியிலும் ஒட்டியிருக்கும் வடிவத்தைப் பொருத்துங்கள்: பெட்ரோலுக்கு வட்டம், டீசலுக்குச் சதுரம். மாற்றிப் போட்டுவிட்டால் சாவியைத் திருப்பவே வேண்டாம். எஞ்சின் ஓடினால்தான் பெரும் சேதம், நிறுத்தியபடியே நிறுவனத்தை அழையுங்கள்.

‘ஃபாய் தா தே’ நீங்களே போடும் பம்பு, ‘செர்வீத்தோ’ ஆள் போடுவது, விலை கூடுதல். மதியமும் ஞாயிறும் ஆளிருக்க மாட்டார். இயந்திரம் அட்டையில் ஒரு பெருந்தொகையை நிறுத்திவைத்துப் பிறகு விடுவிக்கும், ரொக்கம் போட்டால் மீதி தராது. ஆறு நாளுக்கு 600 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 என்று வைத்தால் 40 லிட்டர். எரிபொருள் செலவு இந்தப் பயணத்தில் பெரிதல்ல.

வேகக் கட்டுப்பாடு எவ்வளவு? போன்ல மேப் பார்க்கலாமா?

ஊருக்குள் 50, கிராமச் சாலையில் 90, நடுத்தடுப்புள்ள விரைவுச்சாலையில் 110, கட்டண நெடுஞ்சாலையில் 130. மழையில் கடைசி இரண்டும் 90, 110 ஆகக் குறையும். நெடுஞ்சாலையில் இரண்டு இடங்களுக்கு நடுவே சராசரி வேகத்தைக் கணக்கிடும் கேமராக்கள் உண்டு, ஓரிடத்தில் மட்டும் மெதுவாகப் போவது பயன் தராது.

போனைத் தாங்கியில் வைத்துப் பார்க்கலாம், கையில் பிடித்தால் அபராதம் 250 யூரோவில் தொடங்கும், உரிமத்தையும் நிறுத்தி வைக்கலாம். டிசம்பர் 2024 முதல் இதைக் கடுமையாக்கியிருக்கிறார்கள். பள்ளத்தில் சிக்னல் போய்விடும் என்பதால் வரைபடத்தை முன்பே இறக்கிவையுங்கள்.

வெள்ளை மண்சாலையில போகலாமா? வரைபடம் அந்த வழியைத்தான் காட்டுது.

‘ஸ்த்ராதே பியான்கே’ என்னும் இந்தச் சரளைச் சாலைகள் பொதுச் சாலைகளே, அழகானவை. ஆனால் மேலே காப்பீட்டில் சொன்ன மூன்று சேதமும் நடப்பது இங்கேதான். முதலில் ஒப்பந்தத்தில் தடை இருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்த நாளில் 30க்குள் ஓட்டினால் சிறிய கார் போதும். முன்னால் கார் போனால் தூசிக்காக மட்டுமல்ல, தெறிக்கும் கல்லுக்காகவும் நல்ல இடைவெளி விடுங்கள். மழை பெய்தால் களிமண் டயரோடு ஒட்டி வழுக்கும், இரண்டு நாள் அந்தப் பக்கம் போக வேண்டாம். வரைபடம் ஐந்து நிமிடம் மிச்சப்படுத்தத்தான் இவற்றைக் காட்டும். தார்ச்சாலையே போங்கள்.

குறுகிய ஏற்றத்தில் இரண்டு கார் எதிரெதிரே வந்தால் இறங்கி வருபவர் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது சட்டம்.

படம் எடுக்க வண்டியை எங்கே நிறுத்தறது?

வளைவில் நிறுத்தவே கூடாது. சாலையோரம் அகன்ற இடமோ பண்ணை நுழைவாயிலை மறைக்காத திட்டோ வரும்வரை பொறுங்கள். பார்த்த இடத்திலிருந்து 300 மீட்டர் நடந்து திரும்புவது நல்லதே. விதாலேதா சிற்றாலயம் சான் குயிரிகோவுக்கும் பியென்சாவுக்கும் நடுவே, காரை விட்டு நடந்துதான் போக வேண்டும். மோன்திக்கியெல்லோ அருகே சைப்ரஸ் மரங்கள் வளைந்து ஏறும் சாலையை எதிர்மேட்டிலிருந்து பார்த்தால்தான் அதன் வடிவம் தெரியும். சூரியன் உதிக்கும் முன்பே போய் நில்லுங்கள். கோதுமைக்குள் கால் வைக்காதீர்கள். ஒருவர் நடந்த தடத்தில் அடுத்தவர் நடந்து, அந்தக் குடும்பத்தின் விளைச்சலில் ஒரு பாதையே விழுந்துவிடுகிறது.

திராட்சை மது ருசி பார்க்கணும்னு ஆசை. அப்புறம் யார் ஓட்டறது?

ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு. உரிமம் வாங்கி மூன்றாண்டு ஆகாதவருக்குச் சுழியம். ருசி பார்க்க ஊற்றும் நான்கைந்து கிண்ணம் அந்த வரம்பைத் தொட்டுவிடும். ஒரு நாள் ஒருவர் என்று முறை வையுங்கள், அல்லது மது தயாரிக்கும் பண்ணையிலேயே தங்குங்கள். கீழே இறங்கினால் நிலவறை, மேலே ஏறினால் படுக்கை.

நாங்க சைவம். கிராமத்துல சாப்பாடு கிடைக்குமா?

நன்றாகவே கிடைக்கும். ரொட்டியும் தக்காளியும் குழைத்த பாப்பா அல் பொமொதோரோ, பீன்ஸும் கருங்கீரையும் சேர்ந்த ரிபொல்லீத்தா, பூண்டுத் தக்காளிச் சாற்றில் பிசைந்த கெட்டி நூடுல்ஸான பீச்சி. ஆனால் ‘இறைச்சி இல்லை’ என்றால் மீனும் இறைச்சிச் சாறும் சரி என்று எடுத்துக்கொள்ளலாம், தனித்தனியாகச் சொல்லுங்கள். பியென்சாவின் பெக்கொரீனோ பாலாடைக்கட்டியைப் பெரும்பாலும் விலங்கின் வயிற்று நொதி கொண்டே உறைய வைக்கிறார்கள். கறாராகப் பார்ப்பவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். சமையலறை மதியம் இரண்டரை வாக்கில் மூடி, இரவு ஏழரைக்குத்தான் திறக்கும். காரில் ரொட்டியும் பழமும் இருக்கட்டும்.

என் மனைவிக்கு வளைவுச் சாலையில தலை சுத்தும். அவங்கதான் வழி சொல்லணுமா?

வேண்டாம். கீழே குனிந்து திரையைப் படிப்பதுதான் தலைசுற்றலை வரவழைக்கும். வழியைக் குரலில் சொல்ல விடுங்கள், அவர் முன்னிருக்கையில் தொலைவைப் பார்க்கட்டும், பலகைகளை மட்டும் சொல்லட்டும். இரண்டாம் ஓட்டுநராக அவர் பெயர் இருந்தால் இன்னும் நல்லது, ஓட்டுபவருக்குத் தலைசுற்றல் வருவது அரிது. 30 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள்.

விபத்தோ பழுதோ ஆனா யாரைக் கூப்பிடறது?

காயம் இருந்தால் 112. மேலங்கியைப் போட்டுக்கொண்டு இறங்கி, முக்கோணத்தைப் பின்னால் வையுங்கள். இரண்டு கார் உரசிய சிறு விபத்தென்றால் இருதரப்பும் சேர்ந்து நிரப்பும் நீல நிறப் படிவம் காரிலேயே இருக்கும். படம் வரைந்து, எதிராளியின் வண்டி எண்ணும் காப்பீட்டு விவரமும் எழுதுங்கள். புரியாத வரிக்குக் கையெழுத்துப் போடாமல் கார் நிறுவனத்தைப் போனில் பிடியுங்கள். அவர்களைக் கேட்காமல் வெளியே பழுது பார்த்தால் அந்தச் செலவு திரும்ப வராது.

காரைத் திருப்பிக் கொடுக்கும்போது?

விமான நிலையத்துக்கு 10 கிலோமீட்டருக்குள் தொட்டியை நிரப்பி ரசீதை வையுங்கள். அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் கொடுத்து, ‘சேதமில்லை’ என்று எழுதி வாங்குங்கள். சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போக நேர்ந்தால், கார் எடுத்தபோது எடுத்த அதே வீடியோவை அதே வரிசையில் மறுபடி எடுங்கள். முன்பெட்டி, கதவுப் பை, இருக்கைக்கு அடியில் பார்த்துவிட்டு இறங்குங்கள். பாஸ்போர்ட் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.